தேய்மானம்: தைப்பதா, புதுசு வாங்குவதா?

பி.காம். படிக்கிற எவருக்கும் தேய்மானம் என்றதும் நினைவுக்கு வருவது இயந்திரமும் அறைகலனும்தான். வருடத்துக்குப் பத்து சதவீதம், நேர்கோட்டு முறை, குறைந்துசெல் இருப்பு முறை என்று பக்கம் பக்கமாகக் கணக்கு போடுவார்கள். கணக்கு போடுகிறவனின் மேசைக்கு அடியில், அவன் காலில், நிஜமாகவே ஒன்று தேய்ந்துகொண்டிருக்கும். அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இறுதியாண்டு மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் கல்லூரியில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. கறுப்பு ஷூ வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வலது காலில் முன்பக்கம் சோல் பிளந்து, நடக்கும்போது முதலை வாய் மாதிரி திறந்து திறந்து மூடுகிறது. விடுதியில் ஆளுக்கொரு யோசனை. ஒருவன் பசை போட்டு ஒட்டச் சொல்கிறான். (ஒட்டும்தான். ஆனால் சொட்டு சொட்டாக விடுகிற அந்த உடனடிப் பசை காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஷூவின் முன்பக்கமோ ஒவ்வோர் அடிக்கும் வளைகிற இடம். நேர்முகத் தேர்வு அறை வரைக்கும் தாங்கும், திரும்பி வரும்போது சந்தேகம்.) இன்னொருவன், "பழசைத் தூக்கிப் போடுடா, வேலைக்குப் போற நேரத்துல புதுசு வாங்கு" என்கிறான். மூன்றாமவன் சொல்வதுதான் ரொம்பப் பேர் நம்புகிற விதி: பழுது பார்க்கிற செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் வாங்கு, தாண்டாவிட்டால் தை.

கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அது தப்பான விதி. ஏனென்றால் அதில் ரூபாய் இருக்கிறது, மாதம் இல்லை.

புது ஷூ 1,500 ரூபாய், பதினெட்டு மாதம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு சுமார் 83 ரூபாய். சோலைச் சுற்றித் தையல் போட்டு, குதிகாலுக்கும் ரப்பர் அடித்துத் தர 250 ரூபாய் ஆகிறது. அது இன்னும் எட்டு மாதம் தாங்கினால் மாதத்துக்கு 31 ரூபாய். தைப்பதே லாபம். அதே 250 ரூபாய் வேலை இரண்டே மாதத்தில் பிய்த்துக்கொண்டால் மாதத்துக்கு 125 ரூபாய். நஷ்டம். பாதி விலை விதியோ இரண்டுக்கும் "தை" என்றுதான் பதில் சொல்லும்! ஆக மாணவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தைத்தால் இது மூன்று மாதம் தாண்டுமா? பழைய ஷூவை எத்தனை ரூபாய்க்கு வாங்கினான் என்பது இதில் வரவே வராது. அது மூழ்கிய செலவு. பரீட்சையில் இதைச் சரியாக எழுதுகிற பையன்கள்தான், "ரெண்டாயிரம் கொடுத்து வாங்கினது, எப்படி மனசு வரும்" என்று மேல்தோல் வெடித்த ஷூவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

மூன்று மாதம் தாண்டுமா என்பதைக் கண்டுபிடிப்பது ஜோசியம் இல்லை. எங்கே கெட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். சோல் பிரிந்திருந்தால், குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், உள் அட்டை கிழிந்திருந்தால், இதெல்லாம் மாற்றக்கூடிய பாகம். விரல்கள் மடங்குகிற இடத்தில் மேல்தோல் குறுக்கே வெடித்திருந்தால் ஊசி போட்ட இடமே அடுத்த கிழிசலாகும். குதிகாலைப் பிடித்து நிற்கிற பின்பக்க விறைப்பு நொறுங்கியிருந்தாலும் கதை முடிந்தது.

பழைய தலைமுறையின் தோல் ஷூக்கள் சோல் மாற்றி மாற்றி வருடக்கணக்கில் ஓடியதற்குக் காரணம் அந்தக் காலத்து நேர்மை மட்டுமல்ல, கட்டுமானமும்தான். நல்ல ஷூவில் மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடுதான் சோலைத் தைப்பார்கள். குட்இயர் வெல்ட் என்று பெயர். தேய்ந்த சோலைப் பிரித்தாலும் மேல்தோலுக்கு ஒன்றும் ஆகாது. இன்று கடையில் தொங்குகிற பெரும்பாலான ஷூக்கள் பசையால் ஒட்டியவை. எடை குறைவு, விலை குறைவு. பசை விட்டால் பிளக்கும். ஆனாலும் அவற்றைச் சுற்றிக் கைத்தையல் போட முடியும். தெருமுனையில் நடப்பது பெரும்பாலும் அந்த வேலைதான்.

இங்கே ஒரு விபரீதமும் உண்டு. "விசேஷத்துக்கு மட்டும் போடுறது, புதுசு மாதிரி இருக்கு" என்று பரணில் வைத்த ஷூவை நீண்ட காலம் கழித்து எடுத்து மாட்டினால் நாலு எட்டில் சோல் பொடிப்பொடியாக உதிரலாம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டுவார்கள். பல ஷூக்களின் சோல் பாலியூரிதேன். காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் பொருளையே மெதுவாக உடைக்கிறது. சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். போட்டு நடந்தால்தான் தேயும் என்பதில்லை, போடாமல் வைத்தாலும் தேயும். எந்தத் தேய்மான முறையில் இதற்குக் கணக்கு எழுதுவது? அப்படி உதிர்ந்த சோலில் பசையும் பிடிக்காது, தையலும் நிற்காது. முழுசாக வேறு சோல்தான் போட வேண்டும்.

ஓடுவதற்கான ஷூ வேறு ஜாதி. அதில் கெடுவது கண்ணுக்குத் தெரியாத நடு அடுக்கு. நுரை மாதிரியான அந்த அடுக்கு மிதிபட்டு மிதிபட்டு நசுங்கிவிட்டால் அதிர்ச்சியை முழங்கால்தான் வாங்கும். மேலே பளபளவென்று இருந்தாலும் ஓடுவதற்கு அது உதவாது.

சரி, கணக்கு இவ்வளவு தெளிவு என்றால் ஏன் தைக்கப் போக மாட்டேன் என்கிறார்கள்? பாதிக் காரணம் கூச்சம். தெருவோரம் ஒற்றைக்காலில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. கடையில் அட்டையில் 1,499 என்று அச்சடித்திருந்தால் வாயைத் திறக்காமல் கொடுக்கிறவர், தைக்கிறவர் 80 என்றால் "அறுபது வாங்கிக்கோப்பா" என்று பேரம் பேசுகிறார். அதுவும் தாத்தா வயதுக்காரரை "வா, போ" என்று! தோலைத் தொடுகிற வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டி, வேலையையும் ஆளையும் சேர்த்தே தாழ்த்தி வைத்த சமூகம் இது. தையல் கூலி இவ்வளவு மலிவாக இருப்பதற்கு வேலையின் தரம் காரணமில்லை. அவருடைய பிள்ளை அந்தக் குடைக்கு அடியில் உட்கார வராவிட்டால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நல்லதுதான். அப்போது கூலி ஏறும். ஏறட்டுமே. மேலே போட்ட கணக்கில் 250-ஐ 400 ஆக்கினாலும், ஷூ ஐந்து மாதம் தாங்கினால் கட்டுபடியாகிவிடுகிறது. பேரம் பேசி மிச்சம் பிடிக்கிற இருபது ரூபாய் இந்த முடிவை எந்தப் பக்கமும் திருப்பாது.

அரசாங்கங்களும் இந்தத் தராசில் கை வைக்கின்றன. ஸ்வீடன் 2017-ல் ஷூ, துணி, சைக்கிள் ஆகியவற்றின் பழுதுபார்ப்புக்கான வாட் வரியை 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது, 2022-ல் 6 ஆக்கியது, 2023-ல் பழையபடி 25-க்கே ஏற்றிவிட்டது. பிரான்ஸ் 2023 நவம்பரில், பதிவு செய்த கடையில் ஷூவுக்குச் சோல், குதிகால் மாற்றினால் பில்லிலேயே சில யூரோக்களைக் கழிக்கிற திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஒரே ஜோடி வைத்திருப்பவருக்கு நல்ல செய்தி. மிதியடிக் கடைக்கு எதிரே குடை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது; அவர் வருமானம் ஜி.எஸ்.டி. வரம்புக்கு எங்கேயோ கீழே, குறைப்பதற்கு அவரிடம் வரியே இல்லை.

அந்த மாணவன் கடைசியில் இரண்டு ஜோடியைப் பையில் போட்டு எடுத்துப் போனான், கறுப்பு ஷூவும் காலையில் ஓடுகிற ஷூவும். பெரியவர் கறுப்பு ஷூவை வளைத்துப் பார்த்து, இடது காலும் அடுத்த மாதம் வாயைத் திறக்கும், இரண்டுக்கும் சேர்த்தே தையல் போட்டுவிடலாம் என்றார். மற்ற ஜோடியின் சோலைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்குக் காசு செலவு பண்ணாதீங்க தம்பி."