இன்ஜின் கெட்டது யாருக்கு முதலில் தெரியும்?

விடியற்காலை 5 மணிக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வரிசையாகக் கம்பெனி பஸ்கள். உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் காதில் பாட்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998லிருந்து கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010ல் ஆலை திறந்தார்கள். நடுவில் சீட், கண்ணாடி, போல்ட், வயர் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள். இந்த ஊர்ப்பக்கம் "எங்க வேலை?" என்று கேட்டால் "சிப்காட்ல" என்பதுதான் பதில்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஓர் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பாகங்களை அளந்து பார்த்துத் தள்ளிவிடுவதுதான் அவர் வேலை. ஒருநாள் ஒரு பெட்டி முழுக்க அளவு கொஞ்சம் தள்ளி இருந்ததாம். சூப்பர்வைசரிடம் சொன்னாராம். "கஸ்டமர் திருப்பி அனுப்பினா பாத்துக்கலாம், நீ லைனை நிறுத்தாத" என்று பதில் வந்ததாம்.

"அப்புறம் என்னண்ணா பண்ணீங்க?" என்றேன்.

"அடுத்த மாசம் காண்ட்ராக்ட் ரினியூவல் தம்பி" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்தப் பெட்டி எந்த வண்டிக்குப் போனது, அதனால் ஏதாவது ஆனதா, எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. வண்டியில் கோளாறு என்று ஓனருக்குத் தெரிவது இன்ஜின் சீஸ் ஆகி நடுரோட்டில் நின்ற பிறகு. உள்ளே வேலை பார்ப்பவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கலாம். அவர் சொல்ல என்ன வழி இருக்கிறது?

இதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய கதை நடந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் ஹூண்டாய் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. அலபாமா ஆலையில் இன்ஜினின் கிராங்க்ஷாஃப்டைக் கடைந்தபோது உலோகத் துகள்கள் முழுதாகச் சுத்தம் செய்யப்படாமல் உள்ளே தங்கிவிட்டன. அந்தத் துகள் ஆயில் போகிற வழியை அடைத்தால் கனெக்டிங் ராடு பேரிங் தேயும், 'டக் டக்' என்று சத்தம் வரும், கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும். ஹைவேயில் குழந்தைகளோடு போகும்போது அப்படி ஆனால்? 2017 மார்ச்சில் இன்னும் சுமார் 12 லட்சம் வண்டிகள். இந்தத் தடவை சான்டா ஃபே ஸ்போர்ட், கியா சொரெண்டோ மாதிரி குடும்ப எஸ்யூவிகளும் பட்டியலில் வந்தன. (நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார்கள் இதில் இல்லை, பயப்பட வேண்டாம்.)

இதில் முக்கியமான ஆள் கிம் குவாங்-ஹோ. கொரியாவில் ஹூண்டாயிலேயே 20 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்த இன்ஜினியர். கோளாறின் முழு அளவை நிறுவனம் வெளியே சொல்லவில்லை என்று சொல்லி, 2016ல் ஆவணங்களோடு அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் போய்விட்டார். அதே வருடம் நவம்பரில் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். கம்பெனி ரகசியத்தை வெளியே விட்டார் என்பது குற்றச்சாட்டு.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2017ல் கொரிய அரசு அவர் சொன்ன கோளாறுகளுக்காக 2,40,000 ஹூண்டாய், கியா வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்க உத்தரவிட்டது. 2020ல் அமெரிக்காவில், 16 லட்சம் வண்டிகளை உரிய நேரத்தில் திரும்ப அழைக்கவில்லை என்ற வழக்கு ஹூண்டாய்க்கு 14 கோடி டாலர், கியாவுக்கு 7 கோடி டாலர் என்று அபராத உடன்பாட்டில் முடிந்தது. 2021ல் கிம்முக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி. கம்பெனிக்குள்ளிருந்து உண்மை சொல்பவருக்கு அபராதத்தில் 10 முதல் 30 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று அமெரிக்கா 2015லேயே சட்டம் போட்டிருந்தது.

"அதெல்லாம் அமெரிக்கா, நம்ம ஊர்ல..." என்று இழுப்பவர்களுக்கு டவேராவை ஞாபகப்படுத்துகிறேன். சபரிமலைக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு எடுத்து, பத்துப் பேர் அடைந்துகொண்டு போன அதே செவர்லே டவேராதான். 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைத்தது. 2005 முதல் 2013 வரை செய்தவை. காரணம் தெரியுமா? அரசுப் புகைச் சோதனைக்குப் போகும் வண்டிகளில் மட்டும், புகை குறைவாக விடுகிற இன்ஜினாகப் பொறுக்கி மாட்டியிருக்கிறார்கள் ஊழியர்கள். எத்தனை வருடம், எத்தனை கை இதில் பட்டிருக்கும்! கடைசியில் நிறுவனமே ஒப்புக்கொண்டு, சிலரை வேலையிலிருந்து நீக்கியது. அன்றைக்கு நம் நாட்டில் ரீகாலுக்கென்று சட்டமே கிடையாது.

இப்போது இருக்கிறது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல். 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் கோளாறு என்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஓனர்கள் புகார் சொன்னால், அரசு ரீகாலுக்கு உத்தரவிடலாம். அபராதம் 1 கோடி ரூபாய் வரை. கம்பெனி தானாக முன்வந்து சொன்னால் அபராதம் இல்லை. நியாயமான ஏற்பாடுதான்.

தானாக முன்வருவதும் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகளைப் பரிசோதனைக்கு அழைத்தது. இன்ஜின் பகுதியில் வயர் உரசித் தேயலாம் என்ற சந்தேகம். 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் 7,698 கிரெட்டா, வெர்னா கார்களை ஆயில் பம்ப் கன்ட்ரோலர் கோளாறுக்காக அழைத்தது. நான் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு அந்தக் கம்பெனிகள் மோசம் என்று நினைக்கவில்லை. சொல்லிவிட்டார்களே என்று நிம்மதிதான் வந்தது.

ஆனால் 110ஏ பிரிவில் என் கண்ணில் பட்டது வேறு ஒரு வரி. ஓனர்கள், சோதனை நிறுவனம் ஆகியோர் மட்டுமல்ல, 'வேறு எந்த வழியில்' தகவல் வந்தாலும் அரசு நடவடிக்கை எடுக்கலாம். எங்கள் தெரு அண்ணன் அந்த 'வேறு வழி'யில் வருகிறார்! கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் வேலை போகாது என்று சொல்லத்தான் யாரும் இல்லை. 2014ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர் ஊழலைப் பற்றியது. கம்பெனிச் சட்டம் பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்களுக்குள் புகார் ஏற்பாடு வைக்கச் சொல்கிறது. மூன்றாவது கை சப்ளையரிடம், காண்ட்ராக்டர் வழியாக வேலை பார்ப்பவரை அதெல்லாம் எட்டுமா?

இங்கே பலர் சொல்வது, "கம்பெனி பேர் கெட்டா நம்ம சோறு போயிடும்." பயம் நியாயமானதுதான். மறைமலைநகரில் ஃபோர்டு 2022ல் கார் செய்வதை நிறுத்தியபோது எத்தனை வீடுகளில் அடுப்பு தடுமாறியது! ஆனால் ஃபோர்டு போனது ரீகாலால் அல்ல, நஷ்டத்தால். அதே ஃபோர்டு 2013ல் 1,66,021 ஃபிகோ, கிளாசிக் கார்களைத் திரும்ப அழைத்தது. அதற்குப் பிறகும் பல வருடம் ஆலை ஓடியது.

பொய்ப் புகார் வராதா என்று கேட்கலாம். வரும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் சோதனைக்கூடம். ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாகத்தைக் கொடுத்தால் அது உண்மையா பொய்யா என்று சொல்லிவிடப் போகிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை மூன்று விஷயம் வேண்டும். பாதுகாப்புக் கோளாறு பற்றிப் பெயர் வெளியே தெரியாமல் அரசிடம் சொல்ல ஒரு தமிழ் போன் நம்பர். அப்படிச் சொன்னவரை, காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும், நீக்கினால் தண்டனை. கம்பெனி கட்டும் அபராதத்தில் அவருக்கு ஒரு பங்கு.

உங்கள் வீட்டில் எஸ்யூவி இருந்தால், குறிப்பாக செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால், சேசிஸ் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு ரீகால் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போன வாரம் அண்ணனைப் பார்த்தேன். ரினியூவல் ஆகிவிட்டதாம், இன்னும் 11 மாதம். "இப்ப அந்த மாதிரி பெட்டி வந்தா சொல்வீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.