பயிற்சியாளர் கிளப் மாறினால் துரோகமா?

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் அந்தமானிலும் வங்காளி அன்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து இத்தீவுகளில் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால் என்பது வெறும் கிளப்பின் பெயரல்ல. விட்டு வந்த ஊரின் பெயர். பக்கத்தில் இருந்து ரசிக்கும் நம் தமிழர்களுக்கும் அந்தச் சூடு தொற்றிக் கொள்கிறது.

இவ்வளவு பற்று உள்ள இடத்தில், ஒரு பயிற்சியாளர் எதிரிக் கிளப்புக்குப் போய்விட்டால் "துரோகி" என்ற பட்டம் உடனே கிடைத்து விடும். இது நியாயந்தானா?

பி.கே.பானர்ஜியை எடுத்துக் கொள்வோம். 1972 முதல் 1975 வரை அவர் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர். அந்த நான்கு ஆண்டும் கல்கத்தா லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கே. 30-9-1975 அன்று ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது. துக்கம் தாளாமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரையே மாய்த்துக் கொண்டார். மறு ஆண்டே பி.கே. மோகன் பகானுக்குப் போனார்!

வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் ஒன்று விளங்கும். ஈஸ்ட் பெங்காலில் அவர் சாதிக்க அதிகம் மிச்சமில்லை. விழுந்து கிடக்கும் அணியைத் தூக்கி நிறுத்துவதே திறமைக்குச் சோதனை. 1976இல் மோகன் பகான் லீக்கை வென்றது. 1977இல் ஐ.எப்.ஏ. ஷீல்டு, டூரண்டு, ரோவர்ஸ் என மூன்று கோப்பைகளையும் கைப்பற்றியது. அதே ஆண்டு பீலே ஆடிய காஸ்மாஸ் அணியுடன் 2-2 என்று சமன் செய்தது.

ஆனால் 1980இல் ஈஸ்ட் பெங்கால் அவரைத் திரும்ப அழைத்துக் கொண்டது. 13-7-1997 அன்று பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானை 4-1 என்று வென்ற ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரும் அவரே. துரோகியை யாராவது மறுபடி வீட்டுக்குள் அழைப்பார்களா?

பிழைப்பு என்ற காரணமும் உண்டு. ஆபீஸ் அணியில் ஆடுபவருக்கு ஆட்டம் போனாலும் வேலை நிற்கும். பி.கே.யே ஆட்டக்காரராக இருந்த காலத்தில் பெரிய கிளப்புகளை நாடாமல் கிழக்கு ரயில்வேயில் ஆடியவர்தான். முழுநேரப் பயிற்சியாளருக்கு அந்த நிழல் கிடையாது. காலித் ஜமீலுக்கு 2016இல் மும்பை எப்.சி. வேலை போயிற்று. அடுத்த பருவத்திலேயே மிசோரத்தின் சிறிய கிளப்பான ஐசாலை ஐ-லீக் சாம்பியனாக்கினார். உடனே 2017இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அங்கே ஐ-லீக் பட்டம் கிட்டவில்லை. ஒரே பருவத்தில் வெளியேறினார். வாய்ப்பு வரும்போது பற்றிக் கொள்ளாதவரை எந்த நிர்வாகமும் காத்திருந்து காப்பாற்றப் போவதில்லை.

அதற்காக எல்லாப் போக்கும் சரியென்று சொல்வதற்கில்லை. சென்னையின் எப்.சி. ரசிகர்கள் அறிந்த ஓவன் காயில், 2009இல் பர்ன்லி கிளப்பை 33 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் முதல் பிரிவுக்கு உயர்த்தியவர். 2010 ஜனவரியில், பருவத்தின் பாதியிலேயே, அதே பிரிவிலிருந்த போல்ட்டனுக்குப் போய்விட்டார். போல்ட்டன் அவர் முன்பு ஆடிய கிளப் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பருவத்தின் முடிவில் பர்ன்லி கீழே இறங்கியது. அவ்வூர் ரசிகர்களின் கோபத்தைக் குறை கூற முடியாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே போனார்?" என்பதல்ல, "எப்போது போனார்?" என்பதே. ஒப்புக்கொண்ட பருவத்தை முடித்துவிட்டுப் போகிறவரை வாழ்த்தி அனுப்புவோம். பாதியில் விட்டுப் போகிறவரைக் கண்டிப்போம். நாலு ஆட்டம் தோற்றவுடன் பயிற்சியாளரைப் பாதியில் விரட்டும் கிளப் நிர்வாகங்களையும் அதே தராசில் நிறுத்துவோம். விசுவாசம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் விசுவாசமல்ல, அடிமைத்தனம்.