மண்சரிவு வரைபடம் லயத்துக்கு வரட்டும்

கடலில் பாய்மரப் படகோட்டுபவருக்குப் பாறை எங்கே, ஆழம் எவ்வளவு என்று சொல்வது வரைபடம்தான். அமெரிக்க அரசு தன் கடற்பரப்பின் மின்னணு வரைபடங்களை யாரும் காசில்லாமல் தரவிறக்க விட்டிருக்கிறது. அளந்தது மக்கள் பணத்தில்; அது மக்களுக்கே கிடைப்பதுதான் நியாயம். அந்த நியாயம் நம் மடுல்சீமைத் தோட்டங்களுக்கும் வேண்டும்.

நமக்குள்ள ஆபத்து மண்சரிவு. இலங்கையில் 1990இல் தொடங்கிய மண்சரிவு அபாய வரைபடத் திட்டம் முதலில் எடுத்துக்கொண்டதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களைத்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் 1:10,000 தாளில் ஒரு சென்ரிமீற்றர் என்பது 100 மீற்றர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே எந்தச் சரிவு, கீழே எந்த ஓடை என்று விரல் வைத்துக் காட்டலாம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கும் தோட்டத் தொழிலாளர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். ஆனால், போக வேறு இடம் கொடுக்கவில்லை. வரைபடம் மட்டும் உயிரைக் காக்காது, மாற்றுக் காணி வேண்டும் என்பது உண்மை. அந்தக் காணியைக் கேட்கப் போகிறவர் கையிலும் சான்று இருக்க வேண்டாமா?

இணையத்தில் பார்க்கலாமே என்பது போதாது. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை தாண்டினால் வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை வரும். அப்படிப் பெய்யும்போது மலையில் கரண்டும் இருக்காது, போன் சிக்னலும் கிடைக்காது. கடலோடிகளும் காகிதத்தை விட்டுவிடவில்லை. 2026 முடிவோடு காகித வரைபடங்களை நிறுத்துவதாக 2022இல் அறிவித்த பிரித்தானியக் கடல் வரைபட அலுவலகம், பயன்படுத்துவோரின் கருத்தைக் கேட்டபின் 2030 வரையாவது தொடர்வதாகத் தள்ளிவைத்தது.

ஆகவே, தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு தாள், தமிழில். அதில் கோயில், பிள்ளைக்காம்பரா, பீலி, லய வரிசைகள் எல்லாம் குறித்திருக்க வேண்டும். மழையில் எந்தப் பாதையால் எங்கே போவது என்பதும் வேண்டும். பெரட்டுக் களத்திலும் பாடசாலையிலும் மாட்ட வேண்டும். கிழவிக்கும் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி, நிறம் நிறமாக. அச்சடிக்கும் செலவு ஒரு கம்பனிக்குப் பெரிதல்ல.

பசறை, லுணுகலைப் பிரதேச செயலகங்களும் தோட்ட நிர்வாகங்களும் அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் இதைச் செய்து தர வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கட்டும்.