மூலிகைன்னா பக்கவிளைவே கிடையாதா?

"கீமோ கெமிக்கல் டாக்டர். மூலிகைக்கு மாறிடறோம், அதுல பக்கவிளைவு இல்லையாமே?" ஓபியில் அடிக்கடி கேட்கிற கேள்வி. கேட்கறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா செடி வேற, நாம வேறன்னு நினைக்கிறதுலதான் சிக்கலே.

செல் பிரியறதுக்கு முன்னாடி டிஎன்ஏவை நகல் எடுக்கணும். அதைச் செய்யும் முக்கிய என்சைம்கள் ஆல்ஃபா, டெல்டா, எப்சிலான் பாலிமரேஸ்கள். நெல்லிலும் இவைதான், நம்ம உடம்பிலும் இவைதான். (மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் வேற வேற. அது தனிக்கதை.)

முறுக்குக் கயிறைப் பிரிச்சுக்கிட்டே போனா முன்னாடி முறுக்கு ஏறும் இல்லையா? நகல் எடுக்கும்போது டிஎன்ஏவுக்கும் அதே கதி. அப்போ இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, திரும்ப ஒட்டுவது டோபோஐசோமரேஸ். இதுவும் ரெண்டு பக்கமும் உண்டு.

சீனாவில் கேம்ப்டோதீகா என்று ஒரு மரம். 1966இல் அதிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதாபோடைட்ஸ் மரத்திலும் இது இருக்கு. வெட்டிய இழையை ஒட்ட விடாம டோபோஐசோமரேஸைப் பிடிச்சு வெச்சுக்கும். நகல் எடுத்துட்டு இருக்கிற செல் செத்துப் போகும்.

அப்போ அந்த மரம் ஏன் சாகலை? இங்கதான் விஷயம். கேம்ப்டோதீகாவின் டோபோஐசோமரேஸில் முக்கியமான ஓர் இடத்தில் அஸ்பராஜினுக்குப் பதிலா செரின் இருக்கு. அதனால தன் விஷம் தன்னைத் தாக்காது. இந்த மருந்துக்கு மசியாத மனித ரத்தப் புற்று செல்களிலும் இதே மாற்றத்தைப் பார்த்திருக்காங்க. உங்க குடலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் அந்தக் காப்பு கிடையாதுங்க.

1970களில் கேம்ப்டோதெசினை நோயாளிகளுக்குக் கொடுத்தப்போ சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு வரைக்கும் போய், நிறுத்திட்டாங்க. மூலக்கூறை மாற்றி உருவாக்கியவைதான் இரினோடிகான், டோபோடிகான். அமெரிக்காவில் 1996இல் ரெண்டுக்கும் அனுமதி கிடைச்சது. குடல் புற்றுக்கு நாம ஏத்தற இரினோடிகான் அந்த மரத்தின் வாரிசுதான்! இன்னமும் வயிற்றுப்போக்கு வரும், வெள்ளையணு குறையும். ஆனா எவ்வளவு ஏத்தணும், எப்போ நிறுத்தணும்னு கணக்கு இருக்கு. பேர் தெரியாத கஷாயத்தில் எது எத்தனை மில்லிகிராம் இருக்குன்னு யார் சொல்வாங்க?

எங்க பக்கமும் தப்பு இருக்கு. "அதெல்லாம் சாப்பிடாதே"ன்னு ஒரே வரியில் அதட்டி அனுப்பிடறோம். அதனாலதான் மறைக்கிறீங்க. அடுத்த சைக்கிளுக்கு வரும்போது அந்தப் பொடி டப்பாவைக் கையோட எடுத்துட்டு வாங்க. ஊசி ஏத்தறதுக்கு முன்னாடியே காட்டிடுங்க.