இழுப்பு நோயும் கொள்ளை நோயும்

அரியலூர் ஜில்லாவில் வசிப்போருக்குத் தூசி புதிதன்று. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்டு ஆலைகளும், கல் சுமந்து செல்லும் லாரிகளும் அந்தப் பக்கத்து வாழ்க்கையோடு கலந்தவை. அண்டையிலுள்ள பெரம்பலூரிலோ கல் குவாரிகள் உண்டு. அறுவடை நாளில் மக்காச்சோளத் தூசியும் உண்டு. ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் உடையவர்களுக்கு இங்கே சாதாரண காலமே சோதனைக் காலந்தான். அப்படியிருக்க, 2020 மே மாதத் தொடக்கத்தில், கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களிடையே கொரோனா திடீரென்று பெருகிக் காணப்பட்டபோது, அவர்கள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ஆம் தேதி அந்த அவசர நிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. ஆனால் கிருமி நம்மை விட்டுப் போய்விடவில்லை. இன்ஃப்ளூயென்ஸாவும் வருஷந்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகையால் அந்நாளில் கற்ற பாடத்தை நினைவில் வைப்பது நல்லது.

முதற் பாடம், நித்திய மருந்தை நிறுத்தலாகாது என்பது. இழுப்புக்கு இன்ஹேலர் மருந்து இரண்டு விதம். ஒன்று, இழுப்பு வந்தபோது இறுகிய மூச்சுக் குழாயைத் தளர்த்துவது. மற்றொன்று, குழாயின் உள் வீக்கத்தை நாள்தோறும் அடக்கி, இழுப்பே வராமல் காப்பது. இந்த இரண்டாவதில் ஸ்டீராய்டு இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதுமே, "உடம்பின் எதிர்ப்புச் சக்தி போய்விடும்" என்று அஞ்சி மருந்தை மூலையில் வைப்போர் உண்டு. நிபுணர்கள் சொன்னதோ இதற்கு நேர் மாறானது. நோயை அடக்கி வைத்திருப்பவருக்குக் கொரோனாவால் தனிப்பட்ட பேராபத்து அதிகமில்லை. அடங்காத இழுப்பு உடையவருக்கே, முக்கியமாகச் சமீபத்தில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்க நேர்ந்தவருக்கே, அபாயம் கூடுதல். 2021-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த ஆராய்ச்சிகளில், பூடசோனைடு என்னும் அதே வகை இன்ஹேலர் மருந்து கொரோனா நோயாளிகள் விரைவில் குணமடைய உதவியதாகவும் தெரிய வந்தது. இதற்காக இழுப்பு இல்லாதவர் அதை வாங்கி உறிஞ்ச வேண்டும் என்பதில்லை. இருப்பவர் அதற்கு அஞ்ச வேண்டாம் என்பதே நாம் சொல்வது. மருந்து இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவதும் குறையும்.

கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதை நம்பி இன்ஹேலரைக் கைவிட வேண்டாம். கிருமியை விரட்டுவதாக எண்ணி வீடு நிறையப் புகை போடுவதும், பிளீச்சிங் பவுடரை அள்ளித் தெளிப்பதும் இழுப்புக்காரருக்கு விருந்து வைத்து நஞ்சிடுவது போலாகும். மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் யந்திரம் கிருமியைக் காற்றில் பரப்பக்கூடும் என்பதால், கூடியவரை இன்ஹேலரோடு ஸ்பேசர் குழாயைப் பொருத்தி உபயோகிக்கும்படி அப்போது வைத்தியர்கள் கூறினார்கள். முகக் கவசமோ கிருமிக்கு மட்டுமன்றி, சாலைத் தூசிக்கும் ஓரளவு தடுப்பாயிற்று.

இழுப்புக்குப் பொதுவாகக் காய்ச்சல் இராது. காய்ச்சல் கண்டாலும், நிவாரண மருந்து இழுத்தும் மூச்சுத் திணறல் தணியாவிட்டாலும், ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அரியலூரில் 2022 ஜனவரி முதல் அரசாங்க வைத்தியக் கல்லூரியும் இருக்கிறது.

கடைசியாக, பள்ளிக்கூடத்தில் நாம் அடிக்கடி காண்பது ஒன்று. சில பெண் குழந்தைகள் இன்ஹேலரைப் பையின் அடியில் ஒளித்து வைக்கிறார்கள். பிறர் அறிந்தால் நாளைக்குக் கல்யாணம் தடைப்படும் என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்களாம். இருமினாலே எல்லோரும் விலகி நின்ற கொள்ளை நோய்க் காலத்தில் இந்தக் கூச்சம் இன்னும் வளர்ந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போடுவது அவமானமில்லை என்றால், மூச்சுக்கு மருந்து இழுப்பது மட்டும் எப்படி அவமானமாகும்? மறைத்து வைத்த மருந்து சமயத்தில் கைக்கு எட்டாது. தாய்மார்களே, அதை உங்கள் குழந்தையின் பையில் மேலாக வையுங்கள்; அது இருக்கும் இடத்தை ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.