இலவசச் சீட்டின் விலை

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பலோட்டம் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கிற்று. கடல்வழிப் பேச்சு எழும் இடமெல்லாம் பழைய சுதேசிக் கப்பற் கம்பனியின் பெயரும் எழுகிறது. உடனே அறிஞர் சிலர், "அது வெறும் வியாபாரப் போட்டி; வலியவன் வென்றான், எளியவன் தோற்றான்; இதில் அழ என்ன உண்டு?" என்று தீர்ப்பளித்து விடுகின்றனர். போட்டிதானா அது?

முடிக்குரிய குடியேற்ற நாடாயிருந்த இச்சிறு தீவுக்குத் தூத்துக்குடியிலிருந்து வரும் கடல்வழியைப் பிரிட்டிஷ் இந்திய நீராவிக் கப்பற் கம்பனி தன் முற்றூட்டாகவே வைத்திருந்தது. அதனை உடைக்க முன்வந்தவர் வழக்குரைஞர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. 1906 ஒக்டோபர் 16இல் சுதேசி நீராவிக் கப்பற் கம்பனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபா. 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். ஆசிய இனத்தார் எவரும் பங்காளியாகலாம். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கென 2 இலட்சம் ரூபாவை எடுத்து வைத்தார்.

தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக் கப்பலே ஓடிற்று. வெள்ளைக் கம்பனி அதன் உரிமையாளரை நெருக்க, கப்பல் திரும்பப் பெறப்பட்டது. பிள்ளையவர்கள் கொழும்புக்கு விரைந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

பின்னரே உண்மையான சூது. வெள்ளைக் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவாக இறக்கிற்று. சுதேசிக் கம்பனி எட்டணா என்றது. உடனே அவர்கள், "காசே வேண்டாம், ஏறி அமருங்கள், கையில் ஒரு குடையும் தருகிறோம்" என்றனர்! இந்தக் குடையின் நிழல் நமது கமக்காரருக்குப் புதிதன்று. கூட்டுறவுச் சங்கம் தலையெடுக்கும் போகத்தில் தரகன் வெங்காயத்துக்கு என்றுமே கொடாத விலை கொடுப்பான். சங்கத்தின் கதவு பூட்டப்பட்ட மறு போகத்தில் அவன் சொன்னதே விலை.

பல கடல்களில் ஓடிய கம்பனிக்கு ஒரு வழியின் நட்டம் பெரிதன்று. மற்றைய வழிகளின் இலாபம் அதனை மூடிவிடும். அந்த ஒரு வழியையே நம்பிப் பிறந்த கம்பனிக்கு மூட வேறு என்ன இருந்தது? இதனைப் போட்டி என்பவர், ஒருவனது கழுத்தை நீரில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு நீச்சற் போட்டி என்பாரோ?

அதுவும் போதாதென்று ஆட்சியே களத்தில் இறங்கிற்று. 1908 மார்ச் 12இல் பிள்ளையவர்கள் கைதானார். சூலையில் இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாக, 40 ஆண்டு! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது; எனினும் 1912 இறுதிவரை அவர் சிறையிலேயே இருந்தார். கப்பல் விட்டவர் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். எதிரியின் மேலாளரைச் சிறைப்பிடிக்க அரசாங்கமே துணைநிற்கும் வணிகத்தை எந்தப் பொருளியல் நூல் போட்டி என்று கற்பிக்கிறது? கற்றறிந்த நண்பர்கள் சொல்லட்டும்.

இலவசச் சீட்டெடுத்த ஏழைப் பயணியை நாம் குறை கூறோம். எட்டணா அவனுக்குப் பெருந்தொகை. "அரசியலை விடும், கப்பலை மட்டும் பாரும்" என்று பிள்ளையவர்களை நெருக்கிய பங்காளிகளையே குறை கூறுகிறோம். அரசியலின்றி அந்தக் கப்பல் பிறந்திருக்குமா? தலைவன் சிறை சென்றபின் அரசியல் நீங்கிய அந்தக் கம்பனியையேனும் அவர்கள் காத்தனரா?

1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. ஊரார் பணத்தில் வாங்கிய 'காலியா' அந்த வெள்ளைக் கம்பனிக்கே விற்கப்பட்டது. அதன்பின் எந்தப் பயணிக்கு எவர் குடை கொடுத்தார்?