தழும்பேறிய கைகளுக்கு யார் விலை கொடுத்தது?

மருந்து விலை குறித்துப் பேச்செடுத்தால் ஆயத்தமாக ஒரு பதில் வருகிறது: கண்டுபிடித்தவன் செலவழித்தான், அவன் கேட்பதைக் கொடு. அண்மையில் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கையில் நண்பர் ஒருவரும் இதையே சொன்னார். திருவள்ளூர்க்காரர்களான நமக்கு இந்தக் கணக்கு செரிக்கவில்லை.

1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை ஒட்டிய சிற்றூர்களில்தான் பி.சி.ஜி. தடுப்பூசி குறித்த உலகின் மாபெரும் கள ஆய்வு தொடங்கிற்று. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையை நீட்டினர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் நீர்மம். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதை உலகம் 1979இல் நம் மக்களிடமிருந்து கற்றது. இந்தச் செலவு எந்த நிறுவனத்தின் கணக்கேட்டில் இருக்கிறது?

அதற்கும் முன்னர், 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, காசநோயாளி குடிசையில் இருந்தபடியே குணமடையலாம் என்று காட்டிற்று. அதற்கு உதவிய ஐசோனியசிட் மருந்தின் கதை சுவையானது. அதன் ஆற்றலை மூன்று நிறுவனங்கள் ஏறத்தாழ ஏககாலத்தில் கண்டன. ஆயினும் 1912இலேயே பிராக் நகரில் தயாரிக்கப்பட்டுவிட்ட சேர்மமாதலால் எவருக்கும் தனியுரிமை கிட்டவில்லை. மலிவாயிற்று, ஏழைக்கு எட்டிற்று.

பெடாகுயிலின் அவ்வாறு எட்டவில்லை. மருந்துக்கு மசியாத காசநோய்க்கு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஜான்சன் அண்டு ஜான்சனின் மருந்து இது. 2016இல் இந்தியாவுக்கு நன்கொடையாக, அளந்து வந்தது. கண்டுபிடிப்புக்குக் கூலி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; இருபதாண்டுக் காப்புரிமை அதற்குத்தானே? அது 2023இல் முடியவிருந்தது; ஆனால் அம்மருந்தின் உப்பு வடிவத்தைக் காட்டி மேலும் நான்காண்டு கேட்டார்கள். பழைய தொகுப்புக்குப் புது அட்டை போட்டுப் புதுநூல் என்னும் பதிப்பாளரை நம் சிற்றிதழ்கள் விட்டுவைக்குமா?

எதிர்த்து மனுச் செய்தவர்கள் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்தால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவ்வாண்டே உலகக் கொள்முதலில் விலை பாதிக்கும் கீழே இறங்கிற்று. செலவுதான் விலையைத் தீர்மானிக்கிறதென்றால், செய்த செலவு ஒரே ஆண்டில் எப்படிக் குறைந்தது?

அரசு இலவசமாகத்தானே தருகிறது என்பார் நண்பர். இலவசம் நோயாளிக்கு, கருவூலத்துக்கு அன்று. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் ஓரறையில் பலராய் முடங்குகின்றனர். வேலை போனால் ஊர் திரும்புவர். சிகிச்சை இடையில் அறுபடும். மசியாத கிருமி அங்கேதான் பிறக்கிறது.

1968இல் கை நீட்டியவர்கள் சிலர் இன்னமும் நம்மூர்த் திண்ணைகளில் இருக்கின்றனர். ராயல்டி கேட்டவரில்லை. அடுத்த கூட்டத்துக்கு நண்பர் வரும்போது அவர்களுள் ஒருவரிடம் அழைத்துச் செல்வதாக இருக்கிறோம்.